குண்டு மிளகாய்: களத்தில் கோட்டை விடும் விலை

ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிதானாலும், கடையில் மூட்டையை அவிழ்த்ததும் விலை சொல்வது நிறமும் ஈரமும்தான். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துப் பார்த்துப் பார்த்து வளர்த்ததைப் பலர் கோட்டை விடுவது காயப்போடும் கடைசி நாட்களில்.

பறிப்பிலேயே தவறு தொடங்குகிறது. கூலி மிச்சம் என்று அரைப்பழத்தையும் செம்பழத்தையும் ஒரே எடுப்பில் பறித்தால், அரைப்பழம் சிவக்காமல் வெளிறிக் காயும். பனி உலர்ந்த பிறகே செடியில் கை வைக்கவேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டால் அந்த வாய் வழியே பூஞ்சணம் உள்ளே போகும். பறித்ததை உரச்சாக்கில் கட்டி இரவு முழுக்க வைப்பதும் கூடாது. பழம் புழுங்கி மறுநாளே வெள்ளை பாயும்.

அடுத்தது தரை. மணலிலோ வெறும் மண்ணிலோ பரப்புவது இந்தப் பக்கம் பழகிப்போன வேலை. கடலோர உவர்மண் இரவில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பகலில் காய்ந்தது விடிவதற்குள் அடிப்பக்கம் பதமாகிவிடும். மணல் ஒட்டுவது தனிக் கேடு. சிமெண்டுக் களம் நல்லது, இல்லையென்றால் சுத்தமான தார்ப்பாய். கனம் இரண்டு, மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். குண்டுக்குத் தோல் தடிப்பு, நீள மிளகாயான சம்பாவைப் போலச் சீக்கிரம் காயாது; பகலில் நாலைந்து முறையாவது புரட்டவேண்டும்.

சாயங்காலம் குவித்து மூடுவது சரி. ஆனால் முதல் இரண்டு, மூன்று நாள் பழத்தில் ஈரம் நிறைய இருக்கும். அதன் மேல் தார்ப்பாயை ஒட்டிப் போட்டால் உள்ளே வியர்க்கும். கம்பு நட்டுத் தூக்கிக் கட்டி, பக்கவாட்டில் காற்றுப் போக விடுங்கள். காலையில் தார்ப்பாயின் உள்பக்க நீரை வத்தல் மேலேயே உதறுகிறவர்களும் உண்டு!

ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்கவேண்டும். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட்டால் பதம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஈரமானி இருந்தால் அதையே நம்புங்கள். உடையாமலிருக்கவும் எடை கூடவும் தண்ணீர் தெளிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஈரத்தில் வளரும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விடும். மறுபடி காயவைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. ஐரோப்பாவில் மிளகாய்க்கு மொத்த அஃப்லாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், இந்தியாவில் 30.

வெள்ளை பாய்ந்த பழத்தையும் கரும்புள்ளிப் பழத்தையும் ஒதுக்கி எடுத்து, அதையே விதைக்கு வைப்பது இன்னொரு வழக்கம். அந்தப் பழஅழுகல் நோய் விதையோடு அடுத்த பட்டத்துக்கும் வரும். நல்ல செடியின் முற்றிய பழத்தில் விதை எடுத்து, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சணத்தைக் கலந்து விதையுங்கள்.

இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகுபோல் வளைந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால், சாறு உறிஞ்சும் மஞ்சள் சிலந்தி. சிலந்திக்கு பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் சிலந்தியை உண்ணும் நல்ல பூச்சிகள் செத்து, சிலந்தி பெருகும். நனையும் கந்தகம் போதும், உச்சி வெயிலில் அடித்தால் மட்டும் இலை கருகும்.

பூ உதிர்ந்தால் பிளானோபிக்ஸ் என்ற பயிர் ஊக்கியை அடிப்பார்கள். அளவு 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி; கை தாராளமானால் இருக்கிற பூவும் கொட்டும்.

மழை பொய்த்ததும் ஆழ்குழாய் உப்புநீரைப் பாய்ச்சுகிறவர்கள் முதலில் நீரைப் பரிசோதிக்கவேண்டும். நீரில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1 டெசிசைமனைத் தாண்டினாலே மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும். பண்ணைக்குட்டையில் மழைநீர் கொஞ்சம் இருந்தாலும் அதைப் பூக்கும் சமயத்துக்கு ஒதுக்குங்கள். உவர் நிலத்தில் பொட்டாஷை மியூரியேட்டாகப் போடாமல் சல்பேட்டாகப் போடுங்கள். முன்னதில் இருக்கும் குளோரைடு, உள்ள உப்போடு இன்னும் உப்பைச் சேர்க்கும்.