சக்கர நாற்காலிக்குச் சாய்தளம்: உயரத்தை எங்கே அளப்பது?

அண்ணைக்கு 2009 இல் முள்ளந்தண்டில் காயம். விசுவமடுவில் வீடு கட்டி முடிந்ததும் வாசலுக்கு ஒரு சாய்தளம் போட்டோம். பிறகு அதை உடைத்து மறுபடி போட வேண்டி வந்தது. இரண்டாம் தரம் செய்ததை எழுதுகிறேன். கலவை குழைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் கணக்கு. ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். வாசல் ஒன்றரை அடி உயரமென்றால் 18 அடி. பத்தடி போதும் என்று மேசன் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தடியில் ஏறும்போது நாற்காலி பின்னுக்குச் சரியப் பார்க்கும். இலங்கையில் பொதுக் கட்டடங்களுக்கு 2006 இலேயே அணுகல் ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. வீட்டுக்கு நாம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது உயரம். நாங்கள் பிழைவிட்டது இங்கேதான். படிக்குப் பக்கத்தில் நாடாவைப் பிடித்தோம், 18 அங்குலம். 18 அடிக்குப் போட்டோம். ஆனால் மாரி வெள்ளம் வீட்டடிக்கு வராதபடி முற்றத்தை வெளிப்பக்கம் சரித்துத்தானே விடுவோம்? சாய்தளம் போய் முடிந்த இடத்தில் நிலம் இன்னும் ஆறு அங்குலம் தாழ்ந்திருந்தது. உயரம் 24 அங்குலம், நீளம் அதே 18 அடி. ஒன்றுக்கு ஒன்பது. அண்ணை பாதியில் நின்று, "ஒருக்கால் தள்ளிவிடு" என்றார். அவர் தனியே போய்வரத்தான் அதைக் கட்டினோம்.

ஆகவே, சாய்தளம் முடியப்போகிற இடத்தில் முளை அடியுங்கள். தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி (இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும்), வாசல் மட்டத்தை அந்த முளையில் குறித்து, அங்கிருந்து நிலம் வரை அளந்து பாருங்கள். குமிழி மட்டத்தை இவ்வளவு தூரத்துக்கு நான் நம்பமாட்டேன். குழாய்க்குள் காற்று நின்றால் மட்டம் பிழைக்கும், தட்டி வெளியேற்றிவிடுங்கள்.

நீளத்தைக் கூட்டக் கூட்ட நிலமும் இறங்குகிறதா? நேரே ஓடாமல் சுவரோரமாகத் திருப்புங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். திருப்பத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி மட்டமான தளம் வேண்டும். கதவுக்கு முன்னாலும் அதே அளவு வேண்டும். சரிவில் நின்றால் இரண்டு கையும் சில்லில்தான் இருக்கும், கதவை எந்தக் கையால் திறப்பது?

அப்புறம் எல்லாம் சுலபம். உள்ளகலம் மூன்றடிக்குக் குறையக்கூடாது. இரு கரையிலும் மூன்று அங்குல அணை. கிரவலைத் தண்ணீர் தெளித்து இடித்து, மேலே நாலு அங்குலக் கொங்கிரீட், 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி). மேற்பரப்பை மினுக்க விடாதீர்கள், மழைக்கு வழுக்கும். காயமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுங்கள். ஏழு நாள் ஈரச் சாக்கு.

பின்சேர்க்கை: முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கொங்கிரீட் முடிகிற இடத்தில் முன்சில்லு மணலில் புதைகிறதாம். எங்களுக்கு ஒரு மாரியோடு அடிக் கிரவல் கழுவுப்பட்டு இரண்டு அங்குல விளிம்பு நின்றது. இறங்கும்போது சின்ன முன்சில்லு அதற்குள் விழுந்தால் ஆள் முன்னுக்குக் கவிழ்வார். அடியிலும் ஐந்தடித் தளம் போட்டு, அதன் விளிம்பை நிலத்துக்குள் ஆறு அங்குலம் இறக்குங்கள். மணல் நிலமென்றால் தளத்தைப் படலை வரை கொண்டுபோங்கள்.