இலவச டிஷ்: சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு மாட்டுவது எப்படி?

"மாசம் காசே கட்ட வேண்டாம்னா, அவனுக்கு இதுல என்னடா லாபம்?" வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் என் அத்தையிடம், மாதக் கட்டணம் இல்லாமல் டிஷ் வழியாக டிவி பார்க்கும் டிடி ஃப்ரீ டிஷ் சேவை பற்றிச் சொன்னதும் வந்த முதல் கேள்வி இது. அடுத்து மாமா: "முதல்ல சும்மா குடுப்பான், ஆறு மாசம் கழிச்சு ரீசார்ஜ் பண்ணச் சொல்வான்." தெருவில் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். இந்தச் சந்தேகத்தில் தப்பே இல்லை. ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். இது தனியார் கம்பெனி திடீரென்று அறிவித்த சலுகை இல்லை. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் சேவை, 2004 டிசம்பர் 16 அன்று டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது, ஃப்ரீ டிஷ் என்ற பெயர் பிறகு வந்தது. தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை பார்ப்பவர்களிடம் மாதக் கட்டணம் கிடையாது. பிறகு யார் கட்டுகிறார்கள் என்றால், தனியார் சேனல்கள் கட்டுகின்றன. இதில் ஒரு இடம் பிடிக்க அவர்கள் ஏலத்தில் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள், ஏனென்றால் இந்த டிஷ் நாடு முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது, அத்தனை வீட்டிலும் விளம்பரம் போய்ச் சேரும். அத்தையின் கேள்விக்குப் பதில் இதுதான். இதைச் சொன்னதும் "அப்ப சரி, கடைக்காரன் வாடகை கட்டுறான், நாம சும்மா சந்தைக்குப் போயிட்டு வர்றோம்" என்றார், அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

ஆகவே உங்களுக்குச் செலவு ஒரே தடவைதான். டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் சின்னக் கருவி), செட்டாப் பாக்ஸ், வயர் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,500 முதல் 2,000 ரூபாய். யாராவது போனில் கூப்பிட்டு ஆக்டிவேஷன் கட்டணம், வருடாந்திர ரீசார்ஜ், பதிவுக் கட்டணம் என்று கேட்டால் உடனே வைத்துவிடுங்கள், அப்படி எதுவும் இந்தச் சேவையில் கிடையாது. கடையிலேயே "ஒரு வருஷத்துக்கு ரீசார்ஜ் போட்டுத் தர்றேன்" என்று கூடுதலாகக் கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

சரி, உண்மையான சந்தேகம் எங்கே வர வேண்டும்? சேனலில். ஃப்ரீ டிஷ்ஷில் இருக்கும் தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்தி. தமிழுக்கு டிடி தமிழ் (பொதிகை என்று நமக்குப் பழக்கமானது, 2024 ஜனவரியில் பெயர் மாறியது) இருக்கிறது, மற்றபடி தமிழ்ப் பட்டியல் சிறியது. சன் டிவி, விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டணச் சேனல்கள், அவற்றை எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள். அதோடு, இன்று இருப்பது நாளைக்கும் இருக்கும் என்றும் இல்லை. 2019 மார்ச்சில் ஜீ அன்மோல், ஸ்டார் உத்சவ், சோனி பல், ரிஷ்தே ஆகிய பெரிய இந்திச் சேனல்கள் ஒரே நாளில் இதிலிருந்து விலகின, அடுத்த வருடம்தான் திரும்பி வந்தன. அப்போது வட இந்தியக் கிராமங்களில் இதை மட்டுமே நம்பியிருந்த வீடுகளில் டிவி பாதி காலியானது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம், டிவி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, வீட்டில் யார் எந்த நேரத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். அப்புறம் பிரசார் பாரதியின் தளத்தில் இருக்கும் இப்போதைய சேனல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் வாயால் சொல்லும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், "நூத்துக்கு மேல சேனல்" என்பது உண்மையாகவே இருக்கலாம், அதில் உங்கள் வீட்டில் பார்ப்பது எத்தனை என்பதுதான் கேள்வி. அத்தை வீட்டு நோட்டில் சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை முழுக்க சீரியல், ஒன்றுகூட இலவசப் பட்டியலில் இல்லை. மாமாவுக்கு வேண்டியது செய்தி, கிரிக்கெட், ரேடியோ. ஆகாசவாணியின் வானொலி நிலையங்கள் பல இந்த பாக்ஸிலேயே கேட்கும். கிரிக்கெட்டுக்கு 2007-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, இந்திய அணி ஆடும் முக்கியமான ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். அப்படிக் கிடைக்கும் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் சொந்த டிஷ் வழியாகக் காட்டலாம், தனியார் கேபிளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமா முழுமனதாகச் சம்மதித்தது இதைக் கேட்ட பிறகுதான்.

ஆக, அத்தை கேபிளை நிறுத்தவில்லை. மாமாவின் அறையில் சும்மா கிடந்த, அரசு கொடுத்த பழைய கலர் டிவிக்கு மட்டும் டிஷ் போட்டோம். சீரியல் வீட்டுக்கு இதுதான் என் யோசனை: கேபிள் இருக்கட்டும், இரண்டாவது டிவிக்கும் வயல் கொட்டகைக்கும் டீக்கடைக்கும் இது போதும். கஜா புயல் அடித்தபோது அங்கே கேபிள் வயரெல்லாம் அறுந்து வாரக்கணக்கில் கிடந்தது. சொந்த டிஷ் இருந்தால் கரண்ட் வந்த அன்றே நாமே நிமிர்த்தி வைத்துச் செய்தி பார்த்துவிடலாம், கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) பாக்ஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸ் விலை குறைவு, ஆனால் சேனல்களில் ஒரு பகுதிதான் வரும், பிறகு "இலவசம்னா இப்படித்தான்" என்று சலித்துக்கொள்பவர்களில் பாதிப் பேர் இதில் மாட்டியவர்கள். பழைய டிவி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று பின் சொருகும் இடம் பாக்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் நிறுத்திவிட்ட வேறு கம்பெனி டிஷ் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், பாக்ஸ் மட்டும் வாங்கினால் போதும்.

இனி திசை. சேனல்கள் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு. சென்னையில் சரியாகத் தென்கிழக்கு, மதுரைப் பக்கம் போகப் போகக் கொஞ்சம் கிழக்காகச் சாயும். வானத்தில் நல்ல உயரத்தில், கிட்டத்தட்ட 70 டிகிரியில் இருக்கிறது. ஆனால் டிஷ்ஷை அவ்வளவு மல்லாத்த வேண்டாம், இந்த வகை டிஷ் தன் முகம் காட்டும் இடத்தைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி மேலே பார்க்கும்படி செய்யப்பட்டது. இது தெரியாமல் நான் முதலில் தட்டை ஆகாயத்துக்கு மல்லாத்தி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தவித்தேன்.

போனில் திசைகாட்டியைத் திறந்து, இரும்புக் கம்பத்திலிருந்து தள்ளி நின்று பாருங்கள், பக்கத்தில் வைத்தால் முள் தப்புக் காட்டும். கம்பம் செங்குத்தாக இருக்கட்டும், ஆடக் கூடாது. பாக்ஸின் மெனுவில் எல்என்பி வகை யுனிவர்சல், அதாவது 9750/10600 என்று வைத்து சிக்னல் பக்கத்தைத் திறந்து வையுங்கள். பிறகு நட்டை லேசாகத் தளர்த்தி விரல் அகலம், விரல் அகலமாக நகர்த்த வேண்டும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று, நான்கு விநாடி காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பாக்ஸ் உடனே காட்டாது. நான் மாடியில், டிவியில் தெரியும் சிக்னல் எண்ணைக் கத்திச் சொல்ல அத்தை ஜன்னலோரம். "இருபது... இருபது... டேய் போயிடுச்சு... நில்லு, நாப்பத்தெட்டு!" நாற்பத்தெட்டிலேயே நின்றுகொண்டிருந்தபோது எல்என்பியை அதன் பிடிக்குள் மெல்லத் திருப்பினேன், அறுபத்தைந்துக்கு ஏறியது. நம்ம ஊரில் அது நேராக நிற்காது, சாய்ந்துதான் நிற்கும், பலர் இதைத் தொடுவதே இல்லை. சிக்னல் நின்றதும் நட்டை மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஒரே பக்கம் முறுக்கினால் தட்டு நகர்ந்துவிடும். எல்என்பி வயர் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், உப்புக்காற்று ஊரில் இரண்டு சுற்றாகவே சுற்றுங்கள்.

ஐப்பசி அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடையும், சில நேரம் நின்றுகூடப் போகும். மழை விட்டதும் தானாக வந்துவிடும், அதற்காக டிஷ்ஷைத் தொடாதீர்கள். மழை விட்டு அரை மணி கழித்தும் வராவிட்டால் மட்டும் மேலே ஏறிப் பாருங்கள், பெரும்பாலும் தென்னை மட்டை விழுந்து தட்டு திரும்பியிருக்கும்.

அப்புறம், ஏப்ரலில் ஒருமுறை கட்டாயம் ரீஸ்கேன் கொடுங்கள். சேனல்களுக்கான இடம் பெரும்பாலும் ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை என்றுதான் விடப்படுகிறது, புதிதாக வந்தவை நீங்கள் தேடச் சொன்னால்தான் பட்டியலில் தெரியும். மாமா காலண்டரில் சித்திரை ஒன்றாம் தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்: "டிஷ் தேடு."