இனத்தை வைத்த ஜோக்: மேடையேறும் முன் சலித்துப் பார்ப்பது எப்படி?

கல்லூரி விழாவுக்கோ ஸ்டாண்ட்-அப்புக்கோ ஐந்து நிமிடம் எழுத உட்கார்ந்தால், இரண்டு இடத்திலாவது ஒரு ஊர்க்காரரோ நிறமோ பேச்சு வழக்கோ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது கெடுதலா இல்லையா என்று பொதுவாக வாதாடிப் பயனில்லை. ஒவ்வொரு ஜோக்காகக் கழற்றிப் பாருங்கள்.

முதலில் ஜோக்கைப் பேசப்போகிற மொழியிலேயே எழுதி, சிரிப்பு விழும் சொல்லை அடிக்கோடிடுங்கள். பிறகு இனப்பெயரை அடித்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அந்தப் பெயர் தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள். சிரிப்பு செத்துப்போனால், அதுவரை வேலை செய்தது கூட்டத்தின் மனதில் ஏற்கெனவே இருந்த எண்ணம்தான். நீங்கள் எதையும் எழுதவில்லை. பெயர் இல்லாமல் விஷயமே புரியாத ஜோக்கும் உண்டு. டெல்லியில் மணிப்பூர்க்காரரிடம் பாஸ்போர்ட் கேட்கிறவரைப் பற்றிய ஜோக் அப்படி. அதில் அடி வாங்குவது கேட்கிறவர் என்பதால் பெயர் இருக்கட்டும்.

இப்போது நம்மூரில் சுற்றும் ஒன்று: "ரிசர்வேஷன் பெட்டில கண்ணு முழிச்சுப் பார்த்தா மடியில நாலு வடக்கன்." 'வடக்கன்' என்பதை 'ஆளுங்க' என்று மாற்றினால் ஒன்றும் மிஞ்சாது. எரிச்சல் உண்மையானது, குறி தப்பு. முன்பதிவில்லாப் பெட்டி போதாததால்தான் நெரிசல். அதை வைத்து எழுதினால்: "வெயிட்டிங் லிஸ்ட்ல நான் 82. போய்ப் பார்த்தா எனக்கு முன்னாடி இருந்த 81 பேரும் உள்ள. நானும் ஏறிட்டேன். பின்னாடி ஒருத்தன், 'அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க, நான் 83.'" நெரிசலும் இருக்கிறது, சொல்கிறவரும் அதில் ஒருத்தர்.

உச்சரிப்பைக் கிண்டல் செய்யும் வரிகளை உங்கள் சொந்தக் குரலில் ஒருமுறை படியுங்கள். சிரிப்பு வராவிட்டால் அங்கே ஜோக்கே இல்லை, மிமிக்ரிதான் இருந்தது. கறுப்பு நிறத்தை வைத்த 'கரண்ட் போனா பல்லு மட்டும் தெரியும்' வகையறாவுக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம். புளித்துப் பல காலம் ஆகிறது.

அடுத்தது ஒத்திகை. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "என் சிங் ஃபிரண்டே சிரிச்சான்" என்பது சான்றிதழ் ஆகாது. பத்துப் பேர் நடுவில் தனியாக இருப்பவர் சிரிக்காமல் என்ன செய்வார்? அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேருக்காவது தனித்தனியாகப் படித்துக்காட்டுங்கள். "புண்படுதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "இல்லை" என்றுதான் வரும். "இதில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?" என்று கேளுங்கள்.

புண்பட்டாரா என்பது மட்டும் அளவுகோல் இல்லை என்பதற்கு ஆய்வும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஃபோர்டும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் மேல் ஏற்கெனவே பகை எண்ணம் கொண்ட ஆண்கள், பெண்களை மட்டம் தட்டும் ஜோக்குகளுக்குப் பிறகு பெண்கள் அமைப்புக்குக் குறைவாகவே பணம் தர முன்வந்தார்கள். அந்த எண்ணம் இல்லாதவர்கள் அப்படி மாறவில்லை. அதாவது ஜோக் நல்லவரைக் கெடுப்பதில்லை. உள்ளே வைத்திருப்பவருக்கு 'பரவாயில்லை' என்று பச்சைக்கொடி காட்டுகிறது. உங்கள் கூட்டத்தில் அப்படி எத்தனை பேர் என்று மேடையிலிருந்து தெரியாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. சர்தார்ஜி ஜோக்குகளைத் தடுக்கக் கேட்ட வழக்கில், இதற்கெல்லாம் நெறிமுறை வகுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது.

சொந்தச் சமூகத்தைக் கிண்டலடிப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு. ஆனால் அது மேடை வரைக்கும்தான். அதே வரி வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் ஆகும்போது சொன்னவர் யார் என்பது உதிர்ந்து, ஜோக் மட்டும் போகும். ஆள் இல்லாமலும் நிற்குமா என்று எழுத்தில் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மேடையில் சொதப்பினால், "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்று இழுக்காதீர்கள், விளக்கம் வேண்டவே வேண்டாம். "அது மோசமான ஜோக், மன்னிச்சிடுங்க" என்று ஒரே வரியோடு அடுத்ததுக்குப் போங்கள். வீடியோ ஏற்றும் முன் அந்தப் பகுதியை வெட்டச் சொல்ல மறக்க வேண்டாம்.