போஸ்ட் 200 வந்தால் நம்பிவிடாதீர்கள்

பைதானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவில் ஃபார்ம் சேவ் ஆகவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, டெர்மினலில் என்ன நம்பர் விழுந்தது என்றுதான். பாதிப் பேர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. நேராகப் புரோகிராம் கோடை மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சப்மிட் அழுத்தியதும் ஜாங்கோவின் சோதனை சர்வரான ரன்சர்வர் ஓடும் டெர்மினலில், ரெக்வெஸ்ட் வகையும் (போஸ்ட் அல்லது கெட்) பதிலின் நம்பரும் சேர்ந்து ஒரு வரி வரும். அதில் போஸ்ட்டுக்குப் பதில் கெட் என்று இருந்தால் ஃபார்ம் டேகில் மெத்தட் எழுதவில்லை. நிரப்பியதெல்லாம் அட்ரஸ் பாரில் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும். 403 என்றால் பெரும்பாலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் நம் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) விட்டுப்போயிருக்கும். 500 என்றால் ரெக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷனான வியூவே விழுந்துவிட்டது. பயப்பட வேண்டாம், டீபக் ஆனில் இருந்தால் எந்த வரியில் விழுந்தது என்று பிரவுசரிலேயே தெரியும்.

ஆளை ஏமாற்றுவது 'எல்லாம் சரி' என்று அர்த்தம் தரும் 200தான். சேவ் செய்து ரீடைரக்ட் பண்ணும் வியூ என்றால், வேறு பக்கத்துக்குப் போ என்னும் 302 வர வேண்டும். 200 வந்தால் ஃபார்ம் வேலிட் ஆகாமல் திரும்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருக்காகத் திருப்பாப்புலியூர்த் தம்பி ஒருவர் ஆர்டர் ஃபார்ம் செய்தார். கிரேடு டிராப்டவுன் அழகாக இருக்க வேண்டுமென்று டெம்ப்ளேட்டில் கையாலேயே எழுதியிருந்தார். டேட்டாபேஸ் அமைப்பைச் சொல்லும் மாடலின் சாய்ஸில் இருப்பது டபிள்யூ320, அவர் வேல்யூவில் போட்டது வெறும் 320. எந்த வியாபாரிக்கும் அது புரியும், ஜாங்கோவுக்குப் புரியாது. எரர் காட்ட டெம்ப்ளேட்டில் இடமும் இல்லாததால் பக்கம் கமுக்கமாகத் திரும்பி வந்தது. ஃபார்மைச் சரிபார்க்கும் இஸ்வேலிட் தோற்கும் இடத்தில் ஃபார்ம் எரர்ஸை ஒரு பிரிண்ட் போட்டோம். கிரேடு என்று ஃபீல்டு பெயரோடு வந்து விழுந்தது. ஃபீல்டுகளைக் கையால் எழுதுவதென்றால் ஒவ்வொன்றின் எரரையும், எந்த ஒரு ஃபீல்டையும் சேராத நான்-ஃபீல்டு எரர்ஸையும் சேர்த்தே எழுதுங்கள். டிசைன் கெட்டுப்போகும் என்பதெல்லாம் சாக்கு.

சிலர் வேலிட் ஆகாதபோது புதிதாக ஒரு காலி ஃபார்மை உண்டாக்கி ரெண்டருக்கு அனுப்புகிறார்கள். எரரும் போச்சு, கஸ்டமர் டைப் செய்ததும் போச்சு. போஸ்ட் டேட்டா ஏற்றிய அதே ஃபார்மைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

அப்புறம், வியூ ரெஸ்பான்ஸ் தராமல் நன் (None, அதாவது ஒன்றுமில்லை) தந்தது என்று எரர் வந்தால் இண்டென்டை, அதாவது வரிக்கு முன்னால் விடும் இடைவெளியைப் பாருங்கள். ரிட்டர்ன் ரெண்டர் வரி எல்ஸுக்குள் மாட்டியிருக்கும். அதை இடப்பக்கம் இழுத்து, இஃப், எல்ஸ் இரண்டுக்கும் வெளியே வைத்தால் சரி.

ஃபைலைத் தேர்ந்தெடுத்த பிறகும் 'இந்த ஃபீல்டு தேவை' என்று அடம்பிடித்தால், ஃபார்ம் டேகில் மல்டிபார்ட் என்கோடிங்கும் வியூவில் ரெக்வெஸ்ட் ஃபைல்ஸும் இருக்கிறதா பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.