பல்லவியிடம் பயம் போன கதை

நான் பாட்டு எழுதவேண்டிய மெட்டு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன், துணி மடிப்பேன். எழுத மட்டும் உட்கார மாட்டேன். ‘உன்னைவிட நல்லா எழுத ஆயிரம் பேர் இருக்காங்க’ என்று மனசு சொல்லும். அதோடு மல்லுக்கட்டாமல் வேலையின் வரிசையை மாற்றினேன்.

முதலில் கவிதையே கிடையாது, அர்த்தமில்லாத அசைகளாலான தத்தகாரம் மட்டும். ‘தனனா தனனா தானானா’ என்று மெட்டை நோட்டில் இறக்குவேன். அப்புறம் அந்த அளவில் வாயில் வருவதைப் போடுவேன்: ‘அடியே கடலை வேணாமா’. அபத்தம்தான். ஆனால் அபத்தமாக எழுத யாருக்குப் பயம்? சந்தம் கைக்குள் வந்துவிடுகிறது. அதே இடத்தில் பிறகு ‘இரவே விலகிப் போவாயோ’ வந்து உட்கார்ந்தது.

திருத்தும்போது வாய்விட்டுப் பாடியே ஆகவேண்டும். குரல் நீண்டு நிற்கும் இடத்தில் நெடில் இருந்தால் பாடகருக்குச் சுகம். ‘ட்’, ‘க்’ வந்தால் ஸ்வரம் அங்கேயே அறுந்துவிடும். எதுகை, மோனையெல்லாம் அதற்கப்புறம்தான்.

என்னை அதிகம் மிரட்டுவது பல்லவி, அதாவது பாட்டின் தொடக்க வரிகள். பாட்டே அதை நம்பித்தானே இருக்கிறது! அதனால் இப்போதெல்லாம் பின்னால் வரும் சரணத்தில் தொடங்குகிறேன். பாதி நேரம் அதன் நடுவிலேயே பல்லவிக்கான வரி கிடைத்துவிடுகிறது.