திருகோணமலையிலிருந்து எலும்பு பயோமெக்கானிக்ஸ் ஆய்வுக்குள் நுழைவது எப்படி

இயந்திரவியலிலோ குடிசார் பொறியியலிலோ கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு, ஆய்வை எலும்பு, மூட்டுப் பக்கம் திருப்பலாமா என்று யோசிக்கிற எங்கள் திருகோணமலைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகத் திருப்பலாம். ஆனால் பலர் முதலில் மென்பொருளைப் பழகி, ஒரு தொடை எலும்புக்கு வண்ண வண்ணமாகத் தகைப்புப் படம் (ஓரலகுப் பரப்பில் எவ்வளவு விசை என்று காட்டுவது) போட்டுவிட்டு, அப்புறம்தான் அதற்கு ஒரு கேள்வி தேடுகிறார்கள். கேள்வி வைத்தியசாலையில் இருக்கிறது, அங்கேதான் போகவேண்டும்.

போவதற்கு முன் ஒரு பின்னேரம் இருந்து, ஒற்றைக்காலில் நிற்பவரின் இடுப்பு மூட்டைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊன்றிய காலைக் கழித்தால் மிச்சம் உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு. அது மூட்டு மையத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளிக் கீழே இழுக்கிறது, வெளிப்பக்கத் தசை 5 சென்ரிமீற்றரில் அதைச் சமன்செய்கிறது என்று வைத்து மூட்டைச் சுற்றித் திருப்பம் (விசையைத் தூரத்தால் பெருக்கியது) எடுங்கள். மூட்டில் வருவது உடல் எடையின் இரண்டரை மடங்கு, 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ! பேர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளேயே உணரி வைத்து நோயாளரை நடக்கவிட்டு அளந்தபோதும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வந்தது. அந்தத் தரவு ஓர்த்தோலோட் என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, இப்போது மேற்பார்வையாளரின் கடிதத்தோடு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரம் கேளுங்கள். உங்கள் திட்டத்தை விளக்கத் தொடங்காதீர்கள். "சேர், உங்களுக்குத் திரும்பத் திரும்பத் தொல்லை தருவது எது?" என்று மட்டும் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் தியேட்டரில் ஒரு மூலையில் நின்று, திருகாணி இறுக்குகிற கையைக் கவனியுங்கள். உறுதியான எலும்பில் கடைசி அரைச் சுற்று இறுகி நிற்கும். எலும்பு நலிந்த ஒரு வயதான அம்மாவுக்கோ, இறுகுவது போல வந்து சட்டென்று சும்மா சுற்றத் தொடங்கும், அதோடு பிடி போய்விட்டது. எந்த அடர்த்தி எலும்பில் எவ்வளவு முறுக்கு வரை போகலாம் என்பது ஒரு கலாநிதிப் பட்டத்துக்கே போதுமான கேள்வி.

இன்னொன்று விறைப்பு. அதை அளக்கும் எண் யங்கின் மட்டு. துருப்பிடிக்காத உருக்குக்கு அது 200 கிகாபஸ்கலுக்குக் கிட்ட, டைட்டேனியம் கலப்புலோகத்துக்கு 110 அளவில், கெட்டி எலும்புக்கு 20ஐத் தாண்டுவதே அரிது. எலும்பில் பொருத்திய விறைப்பான உலோகம் சுமையை எடுத்துக்கொண்டால், வேலை இல்லாத எலும்பு மெலிகிறது. பயன்பாட்டுக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் யூலியஸ் வூல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார். விறைப்பு மட்டுமல்ல, தேய்மானமும் ஒரு கேள்விதான். இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் வைத்த டெஃப்லோன் கிண்ணங்கள் சில வருடங்களிலேயே தேய்ந்துபோக, 1962இல் பொலிஎத்திலீனுக்கு மாறினார். அவர் சத்திரசிகிச்சை நிபுணர், ஆனால் தேய்மானத்தைத் தன் ஆய்வுகூடத்திலேயே சோதித்தவர். அதனால் உங்களுக்கும் இரண்டாவது மேற்பார்வையாளராக ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் கட்டாயம் வேண்டும் என்பேன்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்க திரீடி ஸ்லைசர், தசை விசைக்கு ஓப்பன்சிம், தகைப்புக்கு ஃபெபியோ, மூன்றும் இலவசம்.

ஆனால் மொடலை மட்டும் நம்பவேண்டாம், உண்மையான எலும்பை உடைத்துப் பாருங்கள். இறைச்சிக் கடையில் மாட்டுத் தொடை எலும்பு வாங்கி, உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றி, பையில் இறுக்கிக் கட்டி உறைநிலையில் வையுங்கள். எங்கள் ஊர் வெயிலில் எலும்பு சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்தது விறைப்பாகி நொறுங்கும், அந்த எண்கள் உயிருள்ள எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பேராதனையிலோ கிளிநொச்சியிலோ உள்ள பொறியியல் பீடத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதானால் ஐஸ் பெட்டியில்தான், பரிசோதிக்கும்போதும் நனைத்தபடியே.

நோயாளரின் ஸ்கேனைத் தொடுவதானால் மருத்துவ பீடத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும், படங்களில் பெயர் இருக்கக்கூடாது. இது மாதக்கணக்கில் இழுபடலாம், ஆகவே மாட்டெலும்பு வேலை நடக்கும்போதே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.