மலாயா காட்டுக்குள்ள இருந்த போலீஸ் ஃபோர்ட்டுங்களத் தேடிப் போறது எப்படி

ஃபோர்ட்டுன்னதும் மலாக்கா ஃபமோசா, பினாங்கு கார்ன்வாலிஸ் மாதிரி கல்லு, செங்கல் செவுரு நிக்கும்னு நெனச்சிக் கெளம்பிடாதீங்க. 1948-லேர்ந்து 1960 வரைக்கும் ஓடுன டாருராட் (அவசரகாலம், வெள்ளக்காரனுக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கும் நடந்த சண்டை) காலத்துல உள்காட்டுல போட்ட இந்த ஃபோர்ட்டெல்லாம் மரம், மூங்கில், அத்தாப்பு ஓலைக் கூரை, சுத்தி முள்ளுக்கம்பி, பதுங்குகுழி, அவ்ளோதான். மழையும் கரையானும் எப்பவோ தின்னு முடிச்சிருச்சு. அதனால நீங்க தேட வேண்டியது கட்டடத்த இல்ல, பிளேன் எறங்குன தெடலையும் அதச் சுத்தி இருக்கற ஜனங்களையும்தான்.

அங்க ஏன் ஃபோர்ட்டு போட்டாங்கன்னு புரிஞ்சா எடத்த கண்டுபிடிக்கறது ஈஸி. உள்காட்டுல இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு சோறு, தகவல், வழியெல்லாம் ஓராங் அஸ்லிகிட்டேர்ந்தும், அதாவது அந்தக் காட்டு பூர்வகுடி ஜனங்ககிட்டேர்ந்தும் போச்சு. வெள்ளக்காரன் மொதல்ல அவங்கள அப்படியே பிடுங்கிக் கொண்டாந்து கம்பிவேலி கேம்ப்ல அடைச்சான், நோயிலயும் சூட்டுலயும் நூத்துக்கணக்குல செத்தாங்க, தப்பிச்சவங்க திரும்ப காட்டுக்கே ஓடிட்டாங்க. அப்புறம்தான் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் காலத்துல, 1952-53 வாக்குல, ஃபோர்ட்ட அவங்க இருக்கற எடத்துலயே போடுன்னு முடிவு பண்ணாங்க. உள்ள ஒரு போலீஸ் படை, கூடவே மலேரியாவுக்கு மருந்து, உப்பு, பொகையில, பாராங் கத்தி கெடைக்கற சின்னக் கடை. இத கருணைன்னு எழுதறவங்க உண்டு, எனக்கு அப்படித் தோணல, உப்புக்காக வர்றவன்கிட்ட ரெண்டு வார்த்த தகவலும் வாங்கிக்கலாம்ல.

இப்ப மேப்ப தெறங்க. ஃபோர்ட்டுன்னு தேடுனா பெருசா ஒண்ணும் வராது, "போஸ்" (Pos, காவல் எடம்) இல்லன்னா "ஆர்.பி.எஸ்." (RPS, ஓராங் அஸ்லிய ஒண்ணா குடியேத்துன ஊரு) போட்டுத் தேடுங்க: பகாங்ல பெத்தாவ், பேராக்ல லெகாப், கெமார், கிளந்தான்ல புரூக். எல்லா போஸும் பழைய ஃபோர்ட்டு கெடையாது, அதனால லண்டன் இம்பீரியல் வார் மியூசியம் சைட்ல இருக்கற பழைய போட்டோவோட ஒத்துப் பாத்துக்கங்க. அப்புறம் சேட்டலைட் வியூ. ஆத்தோரமா, மலைக்கு நடுவுல ஒரு நீட்டு வாக்குல சமதரை தெரியுதா பாருங்க. 1954-ல வந்த பயனியர்ங்கற சின்ன பிளேன், பைலட்டோட சேத்து அஞ்சு பேர்தான் ஒக்கார முடியும், ரொம்பக் குட்டி தெடல்லயே எறங்கி ஏறும், அதுக்காக வெட்டுன ஸ்ட்ரிப்பு அது. அப்படிப்பட்ட எடத்துல இன்னைக்கு பசங்க பந்து ஆடிட்டு இருந்தாலும் இருப்பாங்க. பிளேன் எறங்க முடியாத எடத்துக்கு சாமான பாராசூட்ல போட்டாங்க.

மொத தடவை போறவங்க தாசெக் பெரா ஏரிப் பக்கம் இருக்கற போஸ் இஸ்கந்தார்ல ஆரம்பிங்க, செமெலாய் மக்கள் ஊரு, சாதாரண காரே போதும். லெகாப் போணும்னா சுங்கை சிப்புட்லேர்ந்து லாசா வழியா உள்ள போகணும், ஃபோர் வீல் இல்லாம கனவுல கூட நெனைக்காதீங்க, எதிர்ல மரம் ஏத்துன லோரி வந்தா நீங்கதான் ஒதுங்கணும். இதே சுங்கை சிப்புட்லதான் 1948 ஜூன் 16-ல தோட்டத்து தொரைங்க மூணு பேர கம்யூனிஸ்ட்டுங்க சுட்டு, அதுலேர்ந்துதான் டாருராட்டே ஆரம்பிச்சுது, நம்ம தோட்டத்து பெரியவங்க யாராச்சும் இருந்தா போற வழியில பேசிப் பாருங்க.

பெர்மிட் வெசயத்துல வெளையாடாதீங்க. ஓராங் அஸ்லி ஊருக்குள்ள போக ஜாக்கோவாகிட்ட (ஓராங் அஸ்லி இலாகா) முன்னாடியே கேக்கணும், காட்டு இலாகா நெலமா இருந்தா அவங்ககிட்டயும். ஊருக்குள்ள போனதும் நேரா தோக் பாத்தின் (ஊர்த் தலைவர்) வீடு, அவர் சரின்னு சொன்னப்புறம்தான் கேமராவ எடுக்கணும். தாத்தா யாரு பக்கம் இருந்தாருன்னு மொதல் கேள்வியாவே கேட்டு வைக்காதீங்க, ரெண்டு பக்கமும் அடி வாங்குன ஜனம் அது.

நவம்பர் டிசம்பர்ல போகாதீங்க, பாதை இருக்காது. அட்டைக்கு நீளமான சாக்ஸ் போட்டுக்கங்க. பழைய பதுங்குகுழி பக்கம் துருப்புடிச்ச குண்டு மாதிரி எதாச்சும் கண்ணுல பட்டா கையில எடுக்காம எடத்த குறிச்சிக்கிட்டு போலீஸுக்கு சொல்லிருங்க.